பத்தி ஏழு

தம்புச் செட்டித் தெருவில் மூன்றாம் மாடி.
அடுத்தவர் குணத்தை
இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
திருத்தத்துக்குக் காசில்லை.

"மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாருக்கா."
இன்டிஃபரன்ட்.
"எடுத்தெறிஞ்சு பேசுவா."
ரூட்.
"எதுக்கெடுத்தாலும் வள்ளுன்னு விழுவாரு."
இர்ரிட்டபிள் என்று அடிப்பேன்.
நாய் படியிறங்கிப் போய்விடும்.
இரண்டு ஆர் மட்டும்
தாளில் நின்று உறுமும்.

பட்டும் படாமல் இருப்பவனை
அலூஃப் என்று அடித்தேன் ஒருமுறை.
வக்கீல் கனகசபாபதி பேனாவால் அடித்தார்.
"பணக்கார வீட்டுப் பையனாட்டம் இருக்கும்மா,
ஜட்ஜுக்குக் கோபமே வராது."

அடமன்ட் மட்டும்தான்
எப்போது அடித்தாலும் ஊர்க்காரியைப் பார்த்தது போலிருக்கும்.
நம் அடமேதான்,
கோர்ட்டுக்கு வர கோட்டு மாட்டியிருக்கிறது.

தேசராணி ஆடி வெயிலில் வந்தாள்,
காசிமேட்டில் ஏலம் முடித்து,
புடவைக் கரையில் ஐஸ் தண்ணீர் காயாமல்.
"அடிச்சாரா?" என்றார் வக்கீல்.
"இல்லீங்க."
"குடி?"
"வாசனைகூட ஆவாது."
"பின்ன?"

நகத்தில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினாள்.
"சோறு போட்டு வச்சா
தட்டை ஒரு விரக்கடை நகத்தி வப்பாரு.
அப்பறம் சாப்புடுவாரு.
தெனமும்.
ஒம்போது வருசம்."

கோல்ட்? அது காபிக்கும் சொல்வது.
டிஸ்மிஸிவ்? ஆபீஸ் வாடை.
டிஸ்டெய்ன்ஃபுல் என்று அடித்தேன், அழித்தேன்.
எந்தச் சொல்லை வைத்தாலும்
தட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே விழுந்தது.
"குரூயல்டின்னு போடும்மா," என்றார் வக்கீல்,
"மணி ஒண்ணாவுது."

ஐப்பசி மழையில் எதிர்த்தரப்புப் பதில் வந்தது.
பத்தி ஏழு: மனுதாரர்
அரகன்ட், அடமன்ட், குவாரல்சம்.
தமிழில் படித்துக் காட்டி விளக்க வேண்டியது என் வேலை.

"குவாரல்சம்னா?"
"சண்டைக்காரி."
"ஏலத்துல நின்னுட்டு சண்டை போடாம?
கூடையே கை மாறிடும்."
"அடமன்ட்?"
"அடம் புடிக்கிறவ."
"அட, தமிழுதானா."
"அரகன்ட்?"

கர்வம் என்று சொல்லியிருக்கலாம்.
செருக்கு என்றால் கொஞ்சம் அழகாகக்கூட இருந்திருக்கும்.
"திமிரு," என்றேன்.
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒரு இறக்கையை மட்டும் தொடர்ந்து பார்ப்பவள் போல.

நாங்கள் தயாராக அடித்து வைத்திருந்த மறுப்பு
எல்லாக் கேசுக்கும் பொதுவானது:
பத்தி ஏழில் கண்டவை அனைத்தும் பொய்.
அதன்மேல் விரலை வைத்தாள்.
"இதுல எப்பிடிக்கா கையெழுத்துப் போடறது?
மூணும் இருக்குதே."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒத்துக்கிட்டா போச்சும்மா.
செல்ஃப் ரெஸ்பெக்ட் உள்ளவர்னு
மெதுவா மாத்திக்கலாம்."
"மெதுவா எதுக்கு? திமிருன்னே கெடக்கட்டும்."
அவர் பேனா மூடியைத் திறந்தார்.
தாளின் மேல் கையை விரித்தாள்.
"அடிச்சிராதீங்க."

ஒன்பது வருடம் அடி வாங்காதவளின் கை
அடியைத் தடுக்கிற கையாக இருந்தது.
கனகசபாபதி என்னைப் பார்த்தார்,
நான் கீபோர்டைப் பார்த்தேன்.
பத்தி ஆறு மறுக்கப்படுகிறது, எட்டு மறுக்கப்படுகிறது
என்று அடித்தேன்.
நடுவில் ஒரு வரி இடம் விட்டேன்.

கீழே ஜெராக்ஸ் கடையில்
பக்கம் ஒன்றரை ரூபாய்தான் என்று அவள் நின்றது
மூன்றாம் மாடிவரை கேட்டது.

அடுத்த ஆள் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தது.
"வெளியில ரொம்ப பவ்யமா இருப்பாருக்கா.
பார்க்கறவங்க கும்புடுவாங்க."
பொலைட் என்று அடித்துவிட்டு
நிமிர்ந்தேன்.
அவள் முழங்கை வரை
வளையல் போட்டிருந்தாள்.